சொல்லுக்கு வழிவிடும் வீடியோ: அண்டர்கிரவுண்ட் ராப் ஓர் அறிமுகம்

கல்லூரியில் படிக்கும் அக்கா மகன் ஒருநாள் போனை என்னிடம் நீட்டி, "மாமா, இதுல அப்படி என்ன இருக்குன்னு எல்லாரும் கொண்டாடுறாங்க?" என்றான். திரையில் நடுத்தர வயதுக்காரர் ஒருவர் தெருவில் நின்றபடி கேமராவைப் பார்த்துத் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். நடனம் இல்லை, விலையுயர்ந்த கார் இல்லை, பின்னணியில் டிரம்ஸ்கூட இல்லை. பாட்டு முடியும்வரை அப்படியேதான் இருந்தது. அன்று அவனுக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். ராப் என்றால் சினிமாப் பாட்டின் நடுவில் வேகமாகப் பேசும் பகுதி என்று மட்டும் தெரிந்தவர்களும் இதைப் படிக்கலாம்.

அந்த வீடியோவில் இருந்தவர் பெயர் கசீம் ரயன். 'கா' என்ற ஒற்றை எழுத்துப் பெயரில் பாடியவர். நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில், வறுமைக்கும் துப்பாக்கிச் சண்டைக்கும் பேர்போன பிரவுன்ஸ்வில்லில் பிறந்து வளர்ந்தவர். வேலை, தீயணைப்புத் துறையில் கேப்டன். 2001 செப்டம்பர் 11 அன்று இரட்டைக் கோபுரங்கள் தாக்கப்பட்டபோது மீட்புப் பணிக்குப் போனவர்களில் அவரும் ஒருவர். வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் பாட்டு எழுதினார், பீட் (சொற்களுக்கு அடியில் ஓடும் இசை) செய்தார், தன் வீடியோக்களைத் தானே இயக்கினார், ஆல்பத்தைத் தானே வெளியிட்டார். எந்தப் பெரிய இசைக் கம்பெனியும் அவருக்குப் பின்னால் இல்லை. அண்டர்கிரவுண்ட் என்ற சொல்லுக்கு எனக்குத் தெரிந்த மிகச் சுத்தமான உதாரணம் அவர்தான். அதனால் அவரைப் பிடித்துக்கொண்டே போகிறேன்.

அண்டர்கிரவுண்ட் என்றதும் ஏதோ ஒளிந்து மறைந்து செய்வது என்று தோன்றும். அப்படி எதுவும் இல்லை. பாட்டு யாருடைய சொத்து, அதை யார் காசு போட்டு எடுத்தார்கள், யாரிடம் கேட்டுவிட்டு வெளியிட வேண்டியிருக்கிறது என்பதுதான் இங்கே கணக்கு. ராப் பிறந்த ஹிப் ஹாப் பண்பாடு முழுவதுமே ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது. 1973 ஆகஸ்ட் 11 அன்று, நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் அடுக்குமாடிக் கட்டடத்தில், பள்ளி திறக்கும் முன் புதுத்துணி வாங்கக் காசு சேர்க்கலாம் என்று சிண்டி கேம்ப்பெல் என்ற பெண் ஒரு பார்ட்டி வைத்தாள். இசைத்தட்டு போட்டவர் அவளுடைய அண்ணன், டிஜே கூல் ஹெர்க். ஹிப் ஹாப் பிறந்த நாளாக எல்லோரும் குறிப்பது அதைத்தான். அப்போது மைக்கைப் பிடித்தவரின் வேலை ஆடுகிற கூட்டத்தை உசுப்பேற்றுவது மட்டும்தான். 1979இல் ராப் பாட்டு ஒன்று இசைத்தட்டாக வந்து பெரிய ஹிட் ஆன பிறகுதான் வியாபாரம் உள்ளே வந்தது.

வியாபாரம் வந்ததும் வழி இரண்டாகப் பிரிந்தது. ரேடியோவில் ஓட வேண்டிய பாட்டுக்குச் சில கட்டாயங்கள் உண்டு: திரும்பத் திரும்ப வந்து சட்டென்று மனதில் ஒட்டும் வரி (ஹூக்), மூன்று நான்கு நிமிடம், ஆட வைக்கும் பீட். இதற்கு அடங்காதவர்கள் வேறு வாசல் தேடினார்கள். நியூயார்க்கில் அந்த வாசல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மாணவர் வானொலியில் திறந்தது. 1990 முதல் 1998 வரை, நள்ளிரவு தாண்டிய பிறகு, ஸ்ட்ரெட்ச் ஆம்ஸ்ட்ராங், பாபிட்டோ என்ற இருவர் நடத்திய நிகழ்ச்சி அது. பின்னால் உலகமே அறிந்த நாஸும் ஜே-ஸியும் கம்பெனி ஒப்பந்தம் எதுவும் இல்லாத காலத்தில் அந்த மைக் முன்னால் நின்றிருக்கிறார்கள். கேட்பவர்கள் விடிய விடிய விழித்திருந்து கேஸட்டில் பதிவு செய்து, பிரதி எடுத்து, கைமாற்றினார்கள்.

மேற்குக் கரையில், லாஸ் ஏஞ்சலஸில், குட் லைஃப் கஃபே என்ற ஆரோக்கிய உணவுக் கடையில் வியாழக்கிழமை தோறும் ஓப்பன் மைக் நடந்தது, யார் வேண்டுமானாலும் மேடையேறிப் பாடலாம். அங்கே ஒரு விதி: கெட்ட வார்த்தை கூடாது. ராப் மேடையில் இந்த விதியா என்று ஆச்சரியமாக இருக்கும். ஆனால் யோசித்துப் பாருங்கள், வரியில் அசை இடித்தால் ஒரு வசவைப் போட்டு நிரப்பிக்கொள்ளலாம் என்ற வசதி போய்விடுகிறது. ஒவ்வொரு இடத்துக்கும் நிஜமான ஒரு சொல்லைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும். வரி சரியில்லை என்றால் கூட்டமே சேர்ந்து "மைக்கை அடுத்தவரிடம் கொடுங்கள்" என்று பாட ஆரம்பித்துவிடும். அந்தக் கடையில் ராப் பாடிய ஒரு பெண் பின்னால் திரைப்பட இயக்குநர் ஆனார். அவர்தான் ஏவா டுவெர்னே. அந்த மேடையைப் பற்றி 2008இல் ஓர் ஆவணப்படமும் எடுத்தார்.

இனி அடுத்த சொல், 'லிரிக்கல் ராப்பர்'. எல்லா ராப்பிலும்தான் வரிகள் இருக்கின்றனவே, இதில் தனியாக லிரிக்கல் என்ன? நம் ஊரில் பாட்டு எழுதும் எல்லோரையும் கவிஞர் என்று சொல்லிவிட மாட்டோம் இல்லையா, அந்த வேறுபாடுதான். பீட், குரல், தோற்றம் எல்லாவற்றையும்விட வரி கட்டும் வேலையே முதன்மையாக இருப்பவரை அப்படி அழைக்கிறார்கள். அந்த வேலை என்ன என்று பார்க்கலாம்.

ராப்பில் அளவுகோல் 'பார்'. ஒரு பார் என்பது நான்கு தட்டு. கையால் தாளம் போட்டுப் பழகியவர்களுக்கு இது விரல்நுனியில் இருக்கும். ஒரு வெர்ஸ், அதாவது பாட்டில் ராப்பர் ஒரே மூச்சாகச் சொல்லும் ஒரு பகுதி, பொதுவாகப் பதினாறு பார். நிமிடத்துக்கு 90 தட்டு ஓடும் பீட்டில் பதினாறு பாருக்கு ஏறக்குறைய 43 வினாடிதான் கிடைக்கும். ஒரு கதையையோ ஊரையோ இறந்துபோன நண்பனையோ அதற்குள் கொண்டுவந்துவிட வேண்டும். வெண்பாவுக்கு நான்கு அடி எப்படியோ, ராப்பருக்குப் பதினாறு பார் அப்படி.

ஒலி விஷயத்தில் தமிழ் படித்தவருக்கு ஒரு வசதி இருக்கிறது. ஒலி ஒத்துவருவது அடியில் எந்த இடத்தில் என்பதை வைத்து மோனை, எதுகை, இயைபு என்று நாம் ஏற்கெனவே பெயர் வைத்திருக்கிறோம். ஆரம்பகால ராப்பில் பெரும்பாலும் இருந்தது இயைபுதான், வரியின் கடைசியில் மட்டும் ஒலி சேரும். ஆங்கில வரிகளைத் தமிழில் விளக்குவது சிரமம் என்பதால் நானே இரண்டு உதாரணம் கட்டுகிறேன்.

ராவு வேலை முடிச்சு வந்தேன்
வாசப்படியில உட்காந்திருந்தேன்

இங்கே ஒலி சேர்வது கடைசியில் மட்டும். அதுவும் இலக்கணம் இனாமாகக் கொடுத்தது. வந்தேன், நின்றேன், தின்றேன் எல்லாமே ஒரே மாதிரிதான் முடியும். எழுதியவர் எதையும் சாதிக்கவில்லை. இப்போது இதைப் பாருங்கள்:

மாடியில இரவு, சாவியில துரு
நாடியில நெருப்பு, ஆவியில அவ உரு

மாடி, நாடி ஒரு ஜோடி. சாவி, ஆவி இன்னொன்று. கடைசியில் துருவும் உருவும் சேர்கின்றன. இதற்கு மேல் ஒன்று உண்டு. மாடிக்கும் சாவிக்கும் மெய்யெழுத்து ஒத்துவரவில்லை, ஆனால் ஆ-இ என்ற உயிரோசை ஒன்றுதான். மெய் மாறினாலும் உயிர் மாறாமல் வரிக்கு வரி இழுத்துக்கொண்டு போவதுதான் லிரிக்கல் ராப்பின் முதுகெலும்பு. ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று இல்லாமல், நாலைந்து அசை கொண்ட தொடருக்கு அதே உயிரோசையில் இன்னொரு முழுத் தொடர் வந்து நிற்கும். ஆங்கிலம் புரியாதவருக்கும் நல்ல ராப் கேட்கும்போது 'ஏதோ சேர்கிறது' என்று தோன்றுவது இதனால்தான்.

வரியின் உள்ளே இப்படி ஒலியை நிரப்புவதை ஒரு கலையாகவே ஆக்கியவர் ரக்கிம். நியூயார்க்கின் லாங் ஐலண்டைச் சேர்ந்தவர், சிறுவயதில் சாக்ஸபோன் வாசித்தவர். ஜாஸ் மேதை ஜான் கோல்ட்ரேன் சாக்ஸபோனில் சொற்றொடரை எப்படி நீட்டினார், எங்கே மூச்சு விட்டார் என்பதிலிருந்து கற்றதாகச் சொல்லியிருக்கிறார். எரிக் பி-யுடன் சேர்ந்து அவர் 1987இல் முதல் ஆல்பம் கொடுத்த பிறகு, வரியின் கடைசியில் மட்டும் ஒலியை வைத்து எழுதுவது பழைய பாணியாகிவிட்டது. கத்திப் பாடாமல் அமைதியாகச் சொல்லலாம் என்பதும் அவர் காட்டிய வழிதான்.

ஒலிக்கு அடுத்தது பொருள். பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் ஒரே வெண்பாவில் சிலேடை பாடிய காளமேகத்தைப் பள்ளியில் படித்திருப்போம். ராப்பர்கள் பெருமையாகச் சொல்லும் 'டபுள் மீனிங்' அதே வித்தைதான். (நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு வேறு வாடை வந்துவிட்டது வருத்தம்தான்.) கா 2013இல் வெளியிட்ட ஆல்பத்தின் பெயர் 'தி நைட்ஸ் கேம்பிட்'. எழுத்தில் அது இரவு. காதில் விழும்போது சதுரங்கக் குதிரையும் அதே 'நைட்'தான். தமிழில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே எழுத்து என்பது நமக்குக் கிடைத்த கொசுறு. 'கேம்பிட்' என்பது பின்னால் கிடைக்கப்போகும் சாதகத்துக்காக ஆட்டத்தின் தொடக்கத்திலேயே ஒரு காயை வெட்டக் கொடுப்பது. பிரவுன்ஸ்வில்லில் இரவில் வெளியே நின்ற பையன்கள் யாரால், எதற்காக வெட்டக் கொடுக்கப்பட்டார்கள் என்ற கேள்வி அந்த ஒரு தலைப்பிலேயே வந்துவிடுகிறது. 2016இல் சாமுராய் மரபு, 2018இல் கிரேக்கப் புராணத்து ஆர்ஃபியஸ், 2020இல் விவிலியத்தில் தம்பியைக் கொன்ற காயீன் என்று ஒவ்வொரு ஆல்பத்துக்கும் ஓர் உவமையை எடுத்து, அதை விடாமல் கடைசிவரை கொண்டுபோவது அவர் வழக்கம். எல்லாவற்றிலும் அவர் பேசியது தன் தெருவைப் பற்றித்தான்.

சொல்வளத்தைக் கணக்கெடுத்தவர்களும் உண்டு. 2014இல் மேட் டேனியல்ஸ் என்பவர் ஒவ்வொரு ராப்பரின் முதல் 35,000 சொற்களை எடுத்து, திரும்ப வருவதை மறுபடி எண்ணாமல் அதில் வெவ்வேறு சொற்கள் எத்தனை என்று கணக்கிட்டார். அண்டர்கிரவுண்ட் ராப்பரான ஈசாப் ராக் 7,392 சொற்களோடு முதலிடம். அதே அளவுக்கு எடுத்த ஷேக்ஸ்பியர் பகுதிகளில் 5,170. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இதை வைத்துத் தரத்தை முடிவு செய்ய மாட்டேன். கா பெரும்பாலும் எளிய சொற்களையே வைத்துக்கொண்டு வேலை செய்தவர். அகராதி பெரிதாக இருந்தால் வரி ஆழமாகிவிடாது.

இப்போது அக்கா மகன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். வீடியோ ஏன் இவ்வளவு வெறுமையாக இருக்கிறது?

ராப் வீடியோவுக்கும் ஒரு தெருக்கால வரலாறு உண்டு. 1983இல் நியூயார்க்கின் பொது ஒளிபரப்புத் தொலைக்காட்சியில் ரால்ஃப் மெக்டேனியல்ஸ் 'வீடியோ மியூசிக் பாக்ஸ்' என்ற நிகழ்ச்சியைத் தொடங்கினார். கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளப்புகளுக்கும் தெருமுனைகளுக்கும் போனார். எம்டிவி ராப்புக்கென்று தனி நிகழ்ச்சி வைத்தது அதற்கு ஐந்து ஆண்டு கழித்து, 1988இல். தொண்ணூறுகளில் ராப் வீடியோ படகு, ஹெலிகாப்டர், பளபளக்கும் செட் என்று சினிமா அளவுக்கு வீங்கியது. அந்தச் செலவைக் கம்பெனி தானமாகத் தரவில்லை. பெரும்பாலான ஒப்பந்தங்களில் அதில் ஒரு பகுதியோ முழுவதுமோ பாடகரின் வருமானத்திலிருந்தே பிடிக்கப்படும். திரையில் கோடீஸ்வரனாகத் தெரிந்தவர் கணக்கில் கடனாளியாக இருந்தது அப்படித்தான்.

யூடியூப் 2005இல் வந்த பிறகு, நல்ல கேமராவும் மலிவான பிறகு, ஒரு மதியத்தில் ஒரு நண்பனோடு வீடியோ எடுத்து முடிக்கலாம் என்று ஆனது. மொட்டை மாடி, மாடிப்படி, முடிதிருத்தும் கடை, மூலையிலுள்ள மளிகைக் கடை, சுரங்க ரயில் நடைமேடை, இவைதான் செட். காசு இல்லாததால் வந்த எளிமை இது என்று சொல்வார்கள். பாதிதான் உண்மை. வரியில் ஒரு நொடிக்கு இரண்டு மூன்று பொருள் ஓடும்போது, திரையில் காட்சி வெட்டி வெட்டிப் பாய்ந்தால் காது வேலையை நிறுத்திவிடும். கண் முந்திக்கொள்ளும். அதனால் நல்ல இயக்குநர் கேமராவை நிறுத்துகிறார், முகத்தை, உதட்டை, ஊரைக் காட்டிவிட்டு ஒதுங்குகிறார்.

பீட்டிலும் இதே கட்டுப்பாடு வந்தது. லாங் ஐலண்டின் ராக் மார்சியானோ 2010இல் தன் முதல் தனி ஆல்பத்தைக் கொண்டுவந்தார், பீட்டையும் தானே செய்தார். அவரும் காவும் டிரம்ஸைக் குறைத்துக்கொண்டே போய், சில பாடல்களில் அடியோடு எடுத்துவிட்டார்கள். சோல் எனும் அமெரிக்கக் கறுப்பின இசைவகையின் பழைய இசைத்தட்டிலிருந்து வெட்டிய ஒரு துண்டு மட்டும் சுற்றிச் சுற்றி வரும். கச்சேரியில் விருத்தம் பாடும்போது மிருதங்கம் மௌனமாகிவிடும் இல்லையா, அந்த உணர்வு. ஒரு வேறுபாடு உண்டு. விருத்தத்தில் தாளமே கிடையாது, இங்கே தாளம் இருக்கிறது, ஆனால் அதைக் காட்டுவது சொற்கள்தான். எந்த அசை எங்கே விழுகிறது என்பதே மத்தளம்.

முகத்தைக் காட்டவே மறுத்தவர்களும் இருக்கிறார்கள். இந்த மரபின் மூலவர் எம்எஃப் டூம். லண்டனில் பிறந்து லாங் ஐலண்டில் வளர்ந்த டேனியல் டூமிலே, தம்பியோடு சேர்ந்து கேஎம்டி என்ற குழுவில் பாடினார். 1993இல் தம்பி கார் விபத்தில் இறந்தார். அதையடுத்து அவர்களுடைய இரண்டாவது ஆல்பத்தின் அட்டைப்படம் சர்ச்சையாகி, பெரிய கம்பெனி அதை வெளியிடாமலே குழுவைக் கைவிட்டது. சில ஆண்டு காணாமல் போனவர், திரும்பி வந்தபோது முகமூடியோடு வந்தார். 1999இல் அவருடைய ஆல்பத்தை வெளியிட்டது, மேலே சொன்ன நள்ளிரவு ரேடியோவின் பாபிட்டோ நடத்திய சின்ன லேபிள், அதாவது இசை வெளியிடும் கம்பெனி. ஆளின் தோற்றத்தைப் பற்றிய பேச்சை ஒதுக்கிவிட்டுச் சொல்வதைக் கேட்க வைப்பதுதான் முகமூடியின் வேலை என்று விளக்கினார். 2004இல் மேட்லிப் என்ற பீட் தயாரிப்பாளரோடு அவர் செய்த ஆல்பத்தில் 22 உருப்படிகள், பலவற்றில் கோரஸே கிடையாது. அதில் ஒரு பாட்டுக்கு வீடியோ முழுக்கவும் பழைய காமிக்ஸ் பாணியில் வரைந்த அனிமேஷன். அவர் 2020 அக்டோபர் 31 அன்று இறந்தார். குடும்பம் அதை உலகுக்குச் சொன்னது இரண்டு மாதம் கழித்து, அந்த ஆண்டின் கடைசி நாளில்.

இன்று அந்த வழியில் நடப்பவர்களில் எனக்கு மிகப் பிடித்தவர் பில்லி வுட்ஸ். சிறுவயதின் ஒரு பகுதியை ஜிம்பாப்வேயில் கழித்தவர், தந்தை அந்நாட்டவர், தாய் ஜமைக்காவைச் சேர்ந்தவர். படங்களில் அவர் முகம் மங்கலாக்கப்பட்டிருக்கும், அல்லது மறைந்திருக்கும். காலனிய வரலாறு, வாடகை, விமானப் பயணம், சமையல் எல்லாம் ஒரே வெர்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். சொந்த லேபிளை இருபது ஆண்டுக்கும் மேலாக நடத்துகிறார். ஹெய்ட்டி வம்சாவளியினரான மாக்-ஹோமி முகத்தை ஹெய்ட்டிக் கொடித் துணியால் மூடிக்கொள்வார். 2016இல் ஓர் ஆல்பத்தை 300 டாலருக்கு விற்றார். தன் வரிகளை இணையத்தில் யாரும் எழுத்தாகப் போடவும் விடமாட்டார். அவரைக் கேட்க வேண்டுமென்றால் காது ஒன்றுதான் வழி.

பெண்களிடமிருந்து தொடங்க விரும்புவோருக்கு சிகாகோவின் நோநேம். நகர நூலகம் ஒன்றில் இளைஞர்களுக்காக நடந்த இலவசப் பட்டறையில் கவிதை வாசித்து வளர்ந்தவர். 2016இல் முதல் தொகுப்பை லேபிள் எதுவும் இல்லாமல் தானே வெளியிட்டார். குரல் தாலாட்டு மாதிரி இருக்கும், சொல்வது அப்படி இருக்காது.

தமிழிலும் வரிக்கு முதலிடம் தரும் ராப் உண்டு. மலேசியாவின் யோகி பி & நட்சத்ரா குழுவின் 'வல்லவன்' ஆல்பம் 2006இல் வந்தது, அதிலிருந்து பிடித்து நம் ஊர் ராப்பர் அறிவுவரை கேட்டுக்கொண்டே வரலாம். மேலே சொன்ன இலக்கணச் சிக்கலைக் கவனியுங்கள். வேற்றுமை உருபும் வினை விகுதியும் தரும் இலவச இயைபோடு நின்றுவிடுகிறவர் யார், அதற்கு முன்னால் இருக்கும் அசைகளில் உழைத்தவர் யார் என்பது இரண்டு வரியில் தெரிந்துவிடும்.

கா, முப்பதுகளின் நடுவில், 2008இல்தான் முதல் தனி ஆல்பத்தைக் கொண்டுவந்தார். ராப் உலகில் அது ஓய்வு பெறும் வயது. அடுத்தடுத்த ஆல்பங்களை நியூயார்க் நடைபாதையில் நின்று, வந்தவர்களிடம் கைகொடுத்துப் பேசி, தானே விற்றிருக்கிறார். 2024இல் கடைசி ஆல்பம் வந்த சில வாரங்களில், அக்டோபர் 12 அன்று, 52 வயதில் இறந்துபோனார். அந்தச் செய்தியைப் படித்த இரவு என்னால் வேறு எதையும் கேட்க முடியவில்லை.

முதன்முதலாகக் கேட்கப் போகிறவர்களுக்கு, நான் அக்கா மகனிடம் சொன்ன முறை இது. ஒரே பாட்டை மூன்று தடவை கேளுங்கள். முதல் தடவை போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பொருள் புரியாவிட்டாலும் பரவாயில்லை என்று, எந்த உயிரோசை திரும்பத் திரும்ப வருகிறது என்று மட்டும் பிடியுங்கள். இரண்டாவது தடவை வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். ஜீனியஸ் தளத்தில் பெரும்பாலானவை கிடைக்கும், வரிக்கு வரி உரையும் இருக்கும், உரை எழுதியவர்கள் தப்பும் செய்வார்கள். மூன்றாவது தடவைதான் வீடியோ. அப்போது அவர் எங்கே மூச்சு விடுகிறார் என்று பாருங்கள்.